கடன் நோட்டிலிருந்து தொடங்குங்கள்: விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஒருவர் வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவ விசுவாசத்துக்கு, வந்துவிட்டார் என்றால், அவர் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார் என்பதைத்தான் ஊர் முதலில் பார்க்கும். கொஞ்ச நாளில் அது பழகிவிடும். அப்புறம் வேறு சிலவற்றைப் பார்க்க ஆரம்பிக்கும். வாங்கிய கைமாத்தைத் திருப்பிக் கொடுத்தாரா? குடித்துவிட்டு வீட்டில் போடும் சத்தம் நின்றதா? கூலிக்கு வருகிறவர்களிடம் பேசும் பேச்சு மாறியதா? ஊர் சரியான இடத்தைத்தான் பார்க்கிறது என்று நான் நம்புகிறேன். வேதமும் அங்கேதான் பார்க்கச் சொல்கிறது.

ஞானஸ்நானம் எடுத்தவர்கள், எடுக்கத் தயாராகிறவர்கள், பிறப்பால் கிறிஸ்தவராக இருந்து இப்போதுதான் மனதார நம்பத் தொடங்கிய இளைஞர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் கோவிலூர், எலத்தகிரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்க்காரராக இருக்கலாம். 1895-இல் கிருஷ்ணகிரியில் தொடங்கிய லுத்தரன் மிஷன் வழிவந்த சபையில் இருக்கலாம். ஷீட் கொட்டகையில் கூடும் சின்ன ஜெபவீட்டுக்குப் போகிறவராகவும் இருக்கலாம். படிகள் எல்லாருக்கும் ஒன்றுதான்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நல்லபடி நடந்து காட்டி ஆண்டவரிடம் இடம் பிடிக்க முடியாது. எபேசியர் 2-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். 8, 9 வசனங்கள் இரட்சிப்பு கிருபையால் வருவது, நம் செயல்களால் அல்ல என்கின்றன. அடுத்த வசனமே, நற்கிரியைகளைச் செய்வதற்காக நாம் உண்டாக்கப்பட்டோம் என்கிறது. இந்த வரிசை மாறக்கூடாது. மாறினால், நன்றாக நடந்த வாரம் கர்வம் வரும், தவறிய வாரம் சபைப் பக்கமே போக மனம் வராது. "நான் இவ்வளவு செய்தேன், நீர் எனக்கு இதைச் செய்யும்" என்ற பேரமும் மெல்ல உள்ளே நுழைந்துவிடும்.

அப்புறம் சங்கீதம் 15-ஐ இன்று இரவே வாசியுங்கள். ஐந்தே வசனம். ஆண்டவருடைய கூடாரத்தில் தங்கக்கூடியவன் யார் என்று கேட்டுவிட்டு, பதிலில் உபவாசத்தையோ பாட்டையோ காணிக்கையையோ அது சொல்வதில்லை. நாக்கு, அயலான், கொடுத்த வாக்கு, வட்டி, லஞ்சம், இவற்றைத்தான் சொல்கிறது. கீழே வரும் படிகளில் பல அங்கிருந்து எடுத்தவை.

முதல் படி: கொடுக்க வேண்டியதை எழுதுங்கள்

புதிதாக வந்தவர்களுக்கு வழக்கமாக முதலில் சொல்லித் தருவது ஜெபமும் வேத வாசிப்பும். இரண்டும் கட்டாயம் வேண்டும். அதே வாரத்தில் ஒரு நோட்டையும் எடுங்கள் என்பேன். யாருக்கு என்ன தர வேண்டும் என்று அதில் எழுதுங்கள். கைமாத்து, சீட்டுப் பணம், மளிகைக் கடை பாக்கி, குழுக் கடன், மேஸ்திரியிடம் வாங்கிக்கொண்டு பெங்களூர் வேலைக்குப் போகாமல் விட்ட முன்பணம், பங்காளி வீட்டிலிருந்து எடுத்து வந்து திருப்பாத மருந்தடிக்கும் மெஷின், எல்லாமே அதில் வரட்டும். நீங்கள் யாருக்காவது கூலி பாக்கி வைத்திருந்தால் அதை முதல் பக்கத்தில் தனியாக எழுதுங்கள்.

கூலிக்கு முதல் பக்கம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. உபாகமம் 24-இல், ஏழைக் கூலிக்காரனுக்கு அன்றைய கூலியைப் பொழுது போகுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று இருக்கிறது. அவன் அதையே நம்பியிருக்கிறான் என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது. யாக்கோபு 5:4 இன்னும் கடுமை. அறுப்புக்கு வந்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார் அவர். மாங்காய் பறிக்க, தக்காளி பறிக்க, களையெடுக்க வந்தவர்களிடம் "மண்டியில் பணம் வந்ததும் தருகிறேன்" என்று இழுப்பது நம் பக்கத்தில் சாதாரணமாகிவிட்டது. வியாபாரி நமக்குத் தரவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அன்று சாயங்காலம் அரிசி வாங்க வேண்டியது வேலைக்கு வந்த அந்த அம்மாதான். ஆகவே ஆள் கூப்பிடும் முன்பே கூலிப் பணத்தை எடுத்து வையுங்கள். முடியாவிட்டால் பணம் எப்போது கிடைக்கும் என்று முதலிலேயே சொல்லுங்கள். சம்மதித்தவர்கள் வரட்டும்.

அடுத்து குழுக் கடன். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாக முதலில் வந்தது தருமபுரி மாவட்டத்தில்தான், 1989-இல். கிருஷ்ணகிரி அப்போது தருமபுரியோடு சேர்ந்திருந்தது, 2004-இல்தான் தனி மாவட்டமானது. இத்தனை வருஷமாக நம் பெண்கள் ஒருவரை ஒருவர் நம்பிக் கையெழுத்துப் போட்டு வருகிறார்கள். நீங்கள் தவணை கட்டாவிட்டால் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் பெயரும் சேர்ந்து கெடும். தவணை நாளன்று போனை அணைத்துவிட்டு உபவாசக் கூட்டத்துக்குப் போவதை ஆண்டவர் ஏற்றுக்கொள்வார் என்று நான் நம்பவில்லை.

பணம் இல்லையென்றால் என்ன செய்வது? நேரில் போங்கள். ஒரு தொகையும் ஒரு தேதியும் சொல்லுங்கள். பெரிய தொகையைச் சொல்லித் தவறுவதைவிட, "மாதம் பத்தாம் தேதி ஐந்நூறு ரூபாய்" என்று சொல்லி அதைக் கொடுப்பது மேல். கடன் கொடுத்தவர் கத்தினால் கேட்டுக்கொள்ளுங்கள், அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. எந்தக் கடனை முதலில் அடைப்பது என்ற கேள்வி வந்தால், நம்மைவிட இல்லாதவருக்குக் கொடுக்க வேண்டியது எதுவோ அதை முதலில் அடையுங்கள். சத்தம் போடுகிறவருக்கு முதலில் கொடுப்பதுதான் உலக வழக்கம். வாயில்லாதவருக்கு முதலில் கொடுக்கப் பழகுங்கள்.

லூக்கா 19-இல் சகேயு இதைத்தான் செய்தார். வரி வசூலில் சம்பாதித்தவர். ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்புகிறேன் என்றார். இயேசு அவர் வீட்டில் தங்குகிறேன் என்று சொன்னது அவர் ஒரு காசு கூடத் திருப்பித் தரும் முன்பு என்பதையும் கவனியுங்கள். முன்னே சொன்ன வரிசை இங்கேயும் அப்படியே இருக்கிறது.

நீங்கள் வட்டிக்குக் கொடுக்கிறவராக இருந்தால் உங்களுக்கும் இந்தப் படி உண்டு. மாதம் நூற்றுக்கு ஐந்து, பத்து என்று வாங்குவதைச் சட்டமும் ஏற்பதில்லை. 2003-இலேயே தமிழ்நாட்டில் கந்துவட்டிக்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது. வேதம் அதற்கும் மேலே போகிறது. யாத்திராகமம் 22-இல், ஏழையின் போர்வையை அடகாக வாங்கினால் பொழுது போகுமுன் அதைத் திருப்பிக் கொடுத்துவிடு, அவன் எதைப் போர்த்திக்கொண்டு படுப்பான் என்று ஆண்டவர் கேட்கிறார். ரேஷன் கார்டையோ நூறு நாள் வேலைப் பணம் வரும் ஏடிஎம் கார்டையோ அடகாக வாங்கி வைத்திருந்தால் இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

இரண்டாம் படி: சொன்ன சொல்

சங்கீதம் 15:4, ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதவனைப் பற்றிப் பேசுகிறது. மாங்காய்ச் சீசனில் இதற்குச் சோதனை தானாக வரும். தோட்டத்தில் நின்று ஒரு வியாபாரியிடம் பெங்களூரா காய்க்கு விலை பேசி முடித்துவிட்டீர்கள். மறுநாள் இன்னொருவர் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடத் தருகிறேன் என்கிறார். எழுத்து எதுவும் இல்லை, வாய்ச்சொல்தான். முதல் ஆளுக்கே கொடுங்கள். அந்த இரண்டு ரூபாயை இழக்கும்போது மனம் வலிக்கும். அந்த வலி இல்லாமல் இந்தக் குணம் வராது.

சின்ன விஷயங்களில்தான் பழக்கம் உருவாகிறது. வீட்டில் உட்கார்ந்துகொண்டே போனில் "வந்துக்கிட்டே இருக்கேன், பாலக்கோடு தாண்டிட்டேன்" என்று சொல்வதை நிறுத்துங்கள். "சத்தியமா", "பைபிள் மேல ஆணையா", "பிள்ளை மேல சத்தியம்" என்பதையும் விட்டுவிடுங்கள். மத்தேயு 5:37-இல் இயேசு உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லச் சொன்னார். சத்தியம் செய்யாமலே நம்பும்படி நம் சாதாரணப் பேச்சு இருக்க வேண்டும். செய்ய முடியுமா என்று தெரியாதபோது "பார்க்கிறேன்" என்று நழுவாமல், "முடியாது அண்ணா, வேறு ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிடுவதும் உண்மைதான். பலருக்கு இதுதான் கஷ்டம். நம் ஊரில் மறுத்துச் சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம்.

மூன்றாம் படி: வேலையிலும் தராசிலும்

கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்கிறது நீதிமொழிகள் 11:1. இராயக்கோட்டை, பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போகும் தக்காளிப் பெட்டியில் மேலே நல்ல பழம், அடியில் நசுங்கியது என்றால் அதுவும் கள்ளத்தராசுதான். சொசைட்டிக்கு ஊற்றும் பாலில் தண்ணீர், ஓசூர் கம்பெனியில் வராத நண்பனுக்காகப் போடும் பஞ்ச், கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழம், எல்லாம் இதே கணக்கில் வரும். கார்பைடு கல் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தடை செய்யப்பட்டது. சாப்பிடுகிற குழந்தை யாருடையதாகவும் இருக்கலாம்.

முதலாளியே தப்பு செய்யச் சொன்னால்? இதைத்தான் இளைஞர்கள் அதிகம் கேட்கிறார்கள். தானியேல் முதல் அதிகாரத்தில் ஒரு நல்ல வழி இருக்கிறது. ராஜாவின் உணவை உண்ண மனமில்லாத இளைஞர் தானியேல் மேற்பார்வையாளரிடம் சண்டைக்குப் போகவில்லை. பத்து நாள் எங்களுக்கு மரக்கறி கொடுத்துச் சோதித்துப் பாரும் என்று பணிவாக ஒரு மாற்றுவழியைக் கேட்டார். நீங்களும் அப்படிக் கேளுங்கள். "பொய் பில் போட எனக்கு மனசு வரல சார், அந்த வேலைக்குப் பதிலா லோடிங் கணக்கு முழுசும் நான் பார்த்துக்கிறேன்." சில இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். சில இடங்களில் வேலை போகும். போகலாம் என்பதை முன்பே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுமை உங்களுடையது மட்டுமல்ல.

நான்காம் படி: நாக்கு

புறங்கூறுவது தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். விசுவாசிகளிடம் அது ஜெபக் குறிப்பு என்ற பெயரில் வரும். "அந்தத் தங்கச்சி வீட்டில் பிரச்சினை, புருஷன் சரியில்லை, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம். சாயங்காலத்துக்குள் அது தெரு முழுக்கத் தெரிந்துவிடுகிறது. ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் அவருடைய கஷ்டத்தை யாரிடமும், ஜெபத்திலும்கூட, சொல்லக்கூடாது. ஒருவர் உங்களுக்குத் தீங்கு செய்திருந்தால் மத்தேயு 18:15 சொல்வதுபோல முதலில் அவரிடம் தனியாகப் பேசுங்கள். போதகரிடம் போவது அதற்கு அப்புறம்தான்.

ஐந்தாம் படி: வீடு

குடும்பத்தில் நீங்கள் மட்டும் விசுவாசத்துக்கு வந்திருந்தால் இந்தப் படிக்கு மற்றவற்றைவிட அதிக நேரம் கொடுங்கள். ரூத்தின் புத்தகத்தை வாசியுங்கள், நாலே அதிகாரம். ரூத் மோவாப் தேசத்துப் பெண், ஊருக்கும் புதிது, விசுவாசத்துக்கும் புதிது. கணவன் இறந்துவிட்டான். மாமியார் நகோமி மனம் கசந்து, என் பெயரையே மாராள் என்று மாற்றிக் கூப்பிடுங்கள் என்கிற நிலையில் இருக்கிறார். அந்த மாமியாருக்காக ரூத் வெயிலில் சிந்திய கதிர் பொறுக்கப் போனாள். அவள் பிரசங்கம் செய்ததாக எங்கும் இல்லை. 3:11-இல் போவாஸ் சொல்கிறார், நீ குணசாலி என்று ஊராரெல்லாரும் அறிவார்கள் என்று. புதிதாக வந்தவர்களுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

ஆகவே அம்மா, மாமியாரிடம் வாதம் வேண்டாம். களி கிண்டுவதில் கை கொடுங்கள், மாத்திரை தீரும் முன் வாங்கி வையுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மாற்கு 7-இல் இயேசு கண்டித்த ஒரு பழக்கம் உண்டு. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை "இது காணிக்கை" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது. அம்மாவின் மருந்துக்குக் காசில்லை என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில் போடுவது அதே பழக்கம்தான். முதலில் மருந்து வாங்குங்கள்.

மாரியம்மன் பண்டிகைக்கு வரி கேட்டு வந்தால் வாசலில் நின்று யாருடைய சாமியையும் பழித்துப் பேசாதீர்கள். மனசாட்சி இடம் தராவிட்டால் பணிவாகச் சொல்லுங்கள். ஏரி தூர்வார, பள்ளிக்கூடத்துக்கு, சாவு வீட்டுச் செலவுக்கு என்று வரும்போது முதல் ஆளாகக் கொடுங்கள். உறவினர் வீட்டு விருந்தில் சாப்பாட்டைப் பற்றிக் குழம்பினால் 1 கொரிந்தியர் 10:27 முதல் வாசித்துப் பாருங்கள். பவுல் அங்கே எவ்வளவு நிதானமாகப் பேசுகிறார் என்பது தெரியும்.

ஆண்களுக்கு ஒன்று. 1 பேதுரு 3:7, மனைவியைக் கனம் பண்ணாதவனின் ஜெபம் தடைபடும் என்கிறது. அடிக்கிற கை உயர்த்தும் ஆராதனை மேலே போவதில்லை. குடியை விட முடியாவிட்டால் ஜெபத்தோடு சேர்த்து அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரையும் பாருங்கள். அதில் வெட்கமோ விசுவாசக் குறைவோ இல்லை. பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு தருமபுரிக்கும் வர வேண்டியிருந்தது. அந்த வரலாறு நம் மண்ணுடையது. பெண் பிறந்தால் இனிப்புக் கொடுங்கள், படிக்க வையுங்கள், 18 வயதுக்கு முன் கல்யாணப் பேச்சை எடுக்கவே விடாதீர்கள்.

ஆறாம் படி: அடுத்த தெரு

சாதியை விடாமல் கிறிஸ்தவக் குணம் என்று ஒன்று இல்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 2012 நவம்பரில் தருமபுரி அருகே நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அந்த நெருப்பு அன்று ஒரே நாளில் மூண்டதல்ல. பெயர் சொல்லிக் கூப்பிடுவது, திண்ணையோடு நிறுத்துவது, தனி டம்ளர், இப்படிப் பல வருஷமாக வளர்ந்தது.

செய்ய வேண்டியது எளிது, செய்வதுதான் கடினம். காலனியிலிருந்து வரும் பெரியவரை "அண்ணா", "ஐயா" என்று கூப்பிடுங்கள், "வாங்க" என்று சொல்லுங்கள். வீட்டுக்குள் உட்காரவைத்து, நீங்கள் குடிக்கும் டம்ளரிலேயே காபி கொடுங்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள். கொடுப்பதைவிட வாங்கிச் சாப்பிடுவதில்தான் உண்மை தெரியும். யாக்கோபு 2-ஆம் அதிகாரம், மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் கந்தை உடுத்தியவனுக்குக் கால்பக்க இடமும் கொடுக்கும் சபையைக் கண்டிக்கிறது. உங்கள் சபையிலோ கல்லறையிலோ தனித்தனி வரிசை இருந்தால், புதியவர் என்று பார்க்காமல், ஒதுக்கி வைக்கப்பட்டவர்களின் வரிசையில் போய் நில்லுங்கள்.

அவசரப்படாதீர்கள்

புதிதாக வந்தவர்களை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைப்பதும், ஆறு மாதத்தில் ஊழியப் பொறுப்பு கொடுப்பதும் பல இடங்களில் நடக்கிறது. அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனாலும் மறுத்துவிடுங்கள். சபைக்குப் பொறுப்பாக இருப்பவன் புதிய சீஷனாக இருக்கக்கூடாது, கர்வம் வந்து விழுந்துவிடுவான் என்று 1 தீமோத்தேயு 3:6 எச்சரிக்கிறது. ஒட்டு மாங்கன்று முதல் இரண்டு மூன்று வருஷத்தில் பூத்தால் நம் தோட்டக்காரர்கள் அந்தப் பூவைக் கிள்ளி விடுவார்கள், மரம் முதலில் வேர் பிடிக்கட்டும் என்று. உங்கள் முதல் பூக்களையும் அப்படி விடுங்கள். பெருக்குவது, பாய் விரிப்பது, வயதானவர்களை வண்டியில் கூட்டி வருவது, இவற்றைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். தர்மம் செய்தால் படம் எடுத்துப் போடாதீர்கள். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்றார் இயேசு.

சனிக்கிழமை இரவு

தவறுவீர்கள். எல்லாரும் தவறுகிறோம். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை சரிபார்க்கும் பழக்கம் வேண்டும். அதைச் சனிக்கிழமை இரவு வைத்துக்கொள்ளுங்கள். சங்கீதம் 15-ஐச் சத்தமாக வாசியுங்கள். நோட்டைத் திறந்து, அந்த வாரம் கொடுத்ததை அடித்துவிடுங்கள். அப்புறம் வீட்டில் இருப்பவர்களில் ஒருவரிடம், மனைவியோ அம்மாவோ வளர்ந்த மகளோ, "இந்த வாரம் நான் யார் மனசையாவது நோகடிச்சேனா?" என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். 1 சாமுவேல் 12-இல் கிழவனான சாமுவேல் ஜனங்கள் எல்லார் முன்னும் நின்று, யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாருக்கு இடுக்கண் செய்தேன், சொல்லுங்கள், திருப்பிக் கொடுக்கிறேன் என்று கேட்டார். நாம் ஒரே ஒருவரிடம் கேட்கிறோம்.

கத்தோலிக்கராக இருந்தால் குருவிடம் ஒப்புரவுக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) போங்கள். மற்றவர்கள், யாக்கோபு 5:16 சொல்கிறபடி, வாயடக்கம் உள்ள ஒரு மூத்த விசுவாசியிடம் மனம் திறந்து பேசுங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்றால் நல்லது.

சனிக்கிழமை என்று சொன்னதற்குக் காரணம் மத்தேயு 5:23, 24. காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறார் இயேசு. ஞாயிறு காலை நினைவு வந்தால் போக நேரம் இருக்காது. சனி இரவு நினைவு வந்தால் அந்த வீட்டுக்கு நடந்து போகலாம். நீண்ட விளக்கம் வேண்டாம், "நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது அக்கா, மன்னிச்சிடுங்க" என்பது போதும். பொருள் நஷ்டம் என்றால் பணத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். அவர் பெங்களூரில் சைட்டில் இருந்தால் போன் செய்யுங்கள். எடுக்கவில்லையென்றால் குரல் பதிவு அனுப்பிவிட்டு, அவர் ஊருக்கு வரும் தேதியை அவர் வீட்டில் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.